சரிவில் நிற்கும் வீட்டுக்குப் பைப் சாரம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பல வீடுகளில் மேட்டுப்பக்கச் சுவர் பத்தடி இருந்தால் பள்ளத்துப்பக்கச் சுவர் இருபதடி இருக்கும். பூச்சு உரிவதும் பாசி பிடிப்பதும் பெரும்பாலும் அந்தப் பள்ளத்துப் பக்கம்தான். ஒரு வாரப் பெயிண்ட் வேலைக்குச் சாரம் கட்டக் கற்பூர (யூகலிப்டஸ்) மரக் கம்பும் கயிறும் போதும் என்பார்கள். நார்க்கயிறு பனியில் நனைந்து இறுகும், வெயிலில் காய்ந்து தளரும். தினமும் காலையில் முடிச்சைப் பார்க்க ஆள் இல்லையென்றால் பைப் சாரமே நல்லது.

30 அடி நீளம், 20 அடி உயரச் சுவருக்கு வாடகைக்கு எடுக்க வேண்டிய கணக்கு இது. ஒன்றரை இஞ்ச் பைப் (வெளிவிட்டம் 48.3 மி.மீ.), 20 அடி நீளத்தில் நிற்கும் பைப் 12, நீளவாட்டுக்கும் கைப்பிடிக்கும் 12, சாய்வுக்கு 6. குறுக்குப் பைப்புக்கு ஐந்தடித் துண்டுகள் 28. சாரத்தைச் சுவரோடு பிணைக்கும் ஜன்னல் கட்டுக்குத் தனியாக நாலைந்து பைப். செங்கோணக் கிளாம்பு 120, சுழல் கிளாம்பு 20, நீளப் பைப்பை இணைக்கும் ஸ்லீவ் கிளாம்பு 8. ஒரு தளத்துக்குப் பத்தடிப் பலகை 16, ஒவ்வொன்றும் 9 இஞ்ச் அகலம், ஒன்றரை இஞ்ச் கனம். பலகையின் ஓரத்தில் நிறுத்த 6 இஞ்ச் தடுப்புப் பலகையும் கேளுங்கள். 20 அடிப் பைப் ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். லாரி வீட்டு வாசல் வரை வராத இடத்தில் சுமைகூலியையும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

இனி கால். நேரம் முழுக்க இங்கேதான் செலவாக வேண்டும். ஒவ்வொரு பைப்புக்கும் சரிவை உள்நோக்கி வெட்டி, ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டமான படி எடுங்கள். வெட்டிய மண்ணை முன்னால் கொட்டி அகலப்படுத்தி அதன்மேல் காலை வைக்கக் கூடாது. மழை பெய்ததும் முதலில் இறங்குவது அந்தக் கொட்டிய மண்தான். படியில் ஒன்றரை அடி நீள, 9 இஞ்ச் அகலப் பலகை, அதன்மேல் பேஸ் பிளேட் (பைப்பின் அடியில் வைக்கும் இரும்புத் தகடு), அதில் பைப். செங்கல் துண்டும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம், நசுங்கிவிடும். சாக்கடை மூடி, செப்டிக் டேங்க் ஸ்லாப், தடுப்புச் சுவரின் தலை ஆகிய மூன்றிலும் கால் வைக்காதீர்கள். தடுப்புச் சுவரின் உயரம் எவ்வளவோ அதிலிருந்து அவ்வளவு தூரமாவது உள்ளே தள்ளி நிற்பது நல்லது. இடமில்லாவிட்டால் தடுப்புச் சுவருக்குக் கீழேயிருந்தே சாரத்தை ஏற்றுங்கள். கால் வரிசைக்கு மேட்டுப்பக்கம் மண்வெட்டியால் ஒரு சிறு வாய்க்கால் கீறிவிட்டால் மழைத்தண்ணீர் படிக்குள் இறங்காது.

நிற்கும் பைப்புகள் ஆறடிக்கு ஒரு ஜோடி, இரண்டு வரிசைக்கு நடுவே மூன்றடி. அடியில் வரும் நீளவாட்டுப் பைப்பை மேட்டுப்பக்கக் காலில் தரையிலிருந்து அரையடி உயரத்தில் பிடித்து, டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்துப் பள்ளம் வரை மட்டமாகக் கொண்டு போங்கள். பள்ளத்துக் கோடியில் அது தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில் நிற்கும். பலரும் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கால் பிடிமானமில்லாமல் நீளமாக நின்று பாரம் ஏறியதும் வளையும். அங்கே மட்டும் தரையோரமாக இன்னொரு நீளப் பைப்பும் குறுக்குப் பைப்பும் போட வேண்டும். பள்ளத்துக் கால்களுக்கு 20 அடி போதாவிட்டால் ஒட்டுப் போடலாம், ஆனால் அடுத்தடுத்த இரண்டு கால்களில் ஒட்டு ஒரே உயரத்தில் வரக் கூடாது.

அதற்கு மேல் 7 அடி, 14 அடியில் தளங்கள். குறுக்குப் பைப் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று, இரண்டு ஜோடிக்கு நடுவே ஒன்று. முகப்பில் அடி முதல் தலை வரை சாய்வுப் பைப், இரண்டு கோடியிலும் குறுக்குவாட்டில் சாய்வு. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த பிறகே கிளாம்பை இறுக்குங்கள். பத்து இஞ்ச் ஸ்பேனரின் நுனியில் சுமார் 20 கிலோ விசை போதும். ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

அடுத்து சுவரோடு கட்டு. 12 அடிக்கு ஒன்று, இரண்டு தளத்திலும். வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடமோ மண்சாந்துச் சுவரோ என்றால் போல்ட் பிடிக்காது. ஜன்னல் வழியாக ஒரு பைப்பை உள்ளே விட்டு, உள்சுவரை ஒட்டி ஒன்றும் வெளிச்சுவரை ஒட்டி ஒன்றும் குறுக்கே கிளாம்பு போட்டால் சுவர் நடுவில் இறுகிக்கொள்ளும். குறுக்குப் பைப் இரண்டு பக்கமும் ஜன்னலைவிட ஒவ்வோர் அடி நீண்டு சுவரிலேயே பட வேண்டும், மரச்சட்டத்தில் அழுத்தக் கூடாது. அந்த ஜன்னலை மூட முடியாது. பைப் போகும் அளவு ஓட்டை போட்ட பிளைவுட்டை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாரம் குரங்குக்கு ஏணி. மழைநீர்க் குழாயிலும் சன்ஷேடிலும் தகரக் கூரை ரீப்பரிலும் எதையும் கட்டாதீர்கள்.

தளத்தில் நாலு பலகை நெருக்கமாக, கோடியில் 2 முதல் 6 இஞ்ச் வரை நீண்டிருக்கட்டும். அதற்கு மேல் நீண்டால் நுனியில் மிதித்ததும் பலகை எழும்பும். கைப்பிடி மூன்றரை அடியில் ஒன்று, நடுவில் ஒன்று. ஆறடிப் பிரிவுக்கு இரண்டு பேர், அவர்கள் வாளி, அவ்வளவுதான். சிமெண்ட் மூட்டை மேலே ஏறக் கூடாது. வீட்டுக்கு வரும் மின்கம்பி சாரத்துக்கு அருகே போனால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே பைப்பைத் தூக்குங்கள்.

தார்ப்பாய் கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். ஜூன், ஜூலைக் காற்று அதைப் பிடித்தால் சாரத்தோடு இழுக்கும். வலை போதும். கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர், நவம்பரிலும் இந்த வேலையே எடுக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். பனிக்காலக் காலையில் பலகை வழுக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயில் ஏறிய பிறகே ஏறுங்கள். எமல்ஷனும் 10 டிகிரிக்குக் கீழே சரியாகக் காயாது.

மாலையில் ஏணியை எடுத்துவிட்டு, வலையின் கீழ்ப்பகுதியை ஆளுயரத்துக்கு மேல் சுருட்டிக் கட்டுங்கள். இரவில் காட்டெருமை வரும் இடங்களில் கொம்பு மாட்டினால் சாரமும் போகும். காலையில் ஏறுமுன் கால் பலகைகளை ஒரு சுற்றுப் பாருங்கள். நகர்ந்ததோ மண்ணில் புதைந்ததோ இருந்தால் அன்று முதல் வேலை அதுதான்.

பிரிக்கும்போது மேலிருந்து கீழே. எந்தத் தளம் பிரிகிறதோ அந்தத் தளத்தின் சுவர்க் கட்டைக் கடைசியாக அவிழுங்கள். கிளாம்பைக் கீழே எறியாமல் வாளியில் இறக்குங்கள்; உடைந்ததற்கும் தொலைந்ததற்கும் வாடகைக்குக் கொடுத்தவர் கணக்குப் போடுவார். வெட்டிய படிகளை அப்படியே விடாமல் மண் போட்டு இடித்து, புல் கரணை பதித்துவிட்டால் அடுத்த மழையில் சரிவு அரிக்காது.