பேகன் என்று எந்தத் தாளில் எழுதலாம், எதில் எழுதக்கூடாது

நான் வக்கீல் இல்லை, வக்கீல்களுக்கு டைப் அடிப்பவள். பாரிமுனை தம்புச்செட்டித் தெருவில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினாறு வருடமாக அபிடவிட்டும் மனுவும் அடித்துக்கொண்டிருக்கிறேன். பேகன் வழிக்கு, அதாவது இயற்கையையும் பழைய தெய்வங்களையும் கும்பிடுகிற வழிக்கு, வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நம் ஆட்கள் கடைக்கு வந்தால் ஜெராக்ஸ் எடுத்து முடித்து, மெதுவாகக் கேட்பார்கள்: "அக்கா, நம்ம மதத்தை இந்தியாவுல அங்கீகரிச்சிருக்காங்களா?"

இல்லை. ஆனால் அங்கீகாரம் கேட்டு அலைவதே இங்கே வீண்வேலை. ஐஸ்லாந்தில் பழைய நார்ஸ் தெய்வங்களைக் கும்பிடும் ஆசாத்ரு 1973-இல் அரசுப் பதிவு பெற்றது. லித்துவேனியாவின் பழைய பால்டிக் வழிபாட்டு அமைப்பான ரோமுவா ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2021-இல் ஜெயித்தது. அமெரிக்காவில் 1986-இல் ஒரு சிறைக்கைதியின் வழக்கில், பேகன் வழியில் ஒரு கிளையான விக்காவும் மதம்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. (அவர் கேட்ட பூஜைப் பொருள்கள் கடைசிவரை கைக்கு வரவில்லை என்பது வேறு கதை.) அந்த நாடுகளில் பெயர் கிடைத்தால் கூடவே ஏதாவது கிடைக்கும்: கல்யாணம் நடத்திவைக்கும் அதிகாரம், கல்லறையில் சின்னம் என்று. இங்கே மதங்களைப் பதிவு செய்கிற அலுவலகமே கிடையாது. இருப்பது சிறுபான்மைப் பட்டியல் ஒன்று. அதில் முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, 2014-இல் சேர்ந்த சமணர் என்று ஆறு பேர். நாம் அதில் இல்லை.

அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு பட்டியல் எதுவும் பார்ப்பதில்லை. மனச்சான்றுச் சுதந்திரமும் மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையும் எல்லா நபர்களுக்கும் உண்டு என்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டு. மதம் என்றால் கடவுள் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, சடங்கும் உணவும் உடையும்கூட அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1954-இலேயே சொல்லிவிட்டது. அது நம்மூர் வழக்கு. சென்னை அறநிலைய ஆணையருக்கும் சிரூர் மடத்துக்கும் நடந்தது.

இப்போது ஒரு ஆச்சரியம். இந்து திருமணச் சட்டம், 1955, பிரிவு 2-ஐ எடுத்துப் படியுங்கள். முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்றவர்கள், பட்டியல் பழங்குடியினர் தவிர, பொதுவாக அந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் இதே வலைதான். அதாவது நீங்கள் அயர்லாந்துத் தெய்வம் பிரிஜிட்டைக் கும்பிட்டாலும் சரி, வேப்பமரத்தைக் கும்பிட்டாலும் சரி, சட்டத்தின் கண்ணில் நீங்கள் இயல்பாகவே அந்த வலைக்குள் இருக்கிறீர்கள். முதன்முதலாக இதை டைப் அடித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு புரிந்தது, இந்த வலை சில இடங்களில் பாதுகாப்பு வலையும்கூட.

சாதிச் சான்றிதழில்தான் எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் வேண்டும். நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், எந்த அரசுத் தாளிலும் மதம் என்ற இடத்தில் பேகன் என்றோ விக்கா என்றோ எழுதாதீர்கள். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கியம், பௌத்தம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவருக்கு அந்த நிலை கிடையாது. 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில், ஞானஸ்நானம் பெற்ற பெண்ணுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு ஆர்வத்தில் எழுதும் ஒரு சொல், பிள்ளையின் கல்லூரி இடத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை.

'சாதி மதம் அற்றவர்' சான்றிதழ் வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா 2019-இல் அப்படி ஒன்றை வாங்கியபோது பெரிய செய்தியானது. வாங்கினால் இடஒதுக்கீட்டை மறந்துவிட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதக் கட்டங்களைக் காலியாக விடுவதற்குத் தமிழ்நாட்டில் 1973-லும் 2000-லும் அரசாணைகள் வந்திருக்கின்றன. தலைமையாசிரியர் "சாஃப்ட்வேர் ஏத்துக்காது" என்பார். எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பவர் எழுத்தில் மறுக்க யோசிப்பார். கூடவே ஒரு தீர்ப்பையும் கையில் வைத்திருங்கள்: மதத்தை அறிவிக்கச் சொல்லி அரசு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014-இல் சொன்னது. அது இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் காட்டினால் மதிப்பார்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது. பேகன் முறையில் கையில் கயிறு சுற்றிக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசைப்படுகிற ஜோடிகள் வருவார்கள். "சட்டப்படி செல்லுமா அக்கா?" கயிறு மட்டும் செல்லாது. கயிற்றோடு ஆளுக்கு ஒரு மோதிரம் மாற்றிக்கொண்டால் போதும். 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்துக்காக வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும் ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் தேவையில்லை. வலைக்குள் இருக்கும் இருவருக்கு இதைவிட வசதியான சட்டம் எந்த நாட்டு பேகனுக்கும் இல்லை என்பேன். பெரியாருக்கு இது தெரிந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

ஒருவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம், 1954. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும், நோட்டீஸ் போட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். நோட்டீஸ் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், எனவே வீட்டுக்குத் தெரியாமல் செய்பவர்கள் முன்பே ஒரு வக்கீலிடம் பேசுங்கள். பலர் கவனிக்காத ஒன்று 12-ஆம் பிரிவு: கல்யாணம் எந்த வடிவத்திலும் நடக்கலாம். பதிவாளர் முன்னால் கயிறு சுற்றிக்கொள்ளுங்கள், விளக்கு ஏற்றுங்கள், ஆனால் 'உன்னைச் சட்டப்படியான கணவராக, மனைவியாக ஏற்கிறேன்' என்கிற வாக்கியத்தை இருவரும் சொல்லியாக வேண்டும். சொத்து விஷயமும் இதனால் மாறலாம். இருவரும் இந்து, பௌத்தம், சீக்கியம், சமணம் என்றால் பழைய வாரிசுரிமையே தொடரும். இல்லையென்றால் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு இருப்பவர்கள் கையெழுத்துக்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, வீடும் மொட்டை மாடியும். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பௌர்ணமி. நாங்கள் நாலு பெண்கள், வாடகை வீட்டு மாடியில். கோலமாவில் ஒரு வட்டம், நாலு திசைக்கு நாலு அகல், நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர், சாம்பிராணி. எல்லாம் கச்சேரி ரோடு நாட்டுமருந்துக் கடையில் வாங்கியது, எங்கள் அம்மா வாங்குவதும் அங்கேதான். என் தோழி கறுப்பு ஷால் போர்த்தியிருந்தாள், கொசுவுக்காக. பக்கத்து மாடியிலிருந்து யாரோ போன் பண்ணிவிட்டார்கள், நரபலி நடக்கிறது என்று. பைக்கில் இரண்டு போலீஸ்காரர்கள்.

"என்னம்மா நடக்குது இங்க?"

தோழி முந்திக்கொண்டாள். "சார், நாங்க விட்ச்."

"விட்ச்னா? சூனியமா?"

நான் நடுவில் புகுந்து, "பௌர்ணமி பூஜை சார், இயற்கை வழிபாடு" என்றேன். பெரியவர் சொம்பை எட்டிப் பார்த்தார். தண்ணீர்தான். "பத்து மணிக்குள்ள முடிச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

நான் சொன்னது பொய்யா? இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ராத்திரி நேரத்தில் வந்து நிற்கும் ஆளுக்கு அவருக்குத் தெரிந்த சொல்லில் சொல்வது பொய் ஆகாது. 'விக்கா' என்றால் எங்கள் கீழ்வீட்டு ஆன்ட்டி "விக்கலா?" என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவருவார். 'சூனியம்' என்ற சொல்லை மட்டும் யார் வாயிலும் வர விடாதீர்கள்.

ஆனால் மறு வாரமே வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். எங்களுக்குள் இருந்தது இருபது ரூபாய்ப் பத்திரம், பதிவு செய்யவில்லை. நானே ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் அடித்துக்கொடுப்பவள்! 2019-இலிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு காலி செய்யச் சொல்லச் சட்டத்தில் உள்ள காரணங்கள் வேண்டும், அவற்றில் மதம் இல்லை. தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தவும் முடியாது. வீடு தரும்போதே மறுப்பவரை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடைக்கும் ஓட்டலுக்கும் குளத்துக்கும் பேசும், தனியார் வீட்டுக்குப் பேசாது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் பதறாதீர்கள். பெண்ணை விசாரிக்க அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு. நீங்கள் புகார் கொடுத்தால், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். அமைதியாக வழிபடும் கூட்டத்தை வேண்டுமென்றே குலைப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 300-ஆம் பிரிவில் குற்றம். எந்த மதக் கூட்டம் என்று அதில் எழுதவில்லை. வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம், 15100-க்கு அடியுங்கள்.

நம் பக்கம் கவனிக்க வேண்டியவையும் சில இருக்கின்றன. கத்தியில் ஆரம்பிக்கிறேன். ஆனந்த மார்க்கம் என்ற ஆன்மிக அமைப்பினர் கத்தியும் மண்டையோடும் ஏந்தித் தெருவில் தாண்டவம் ஆடும் உரிமை கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த நடனம் மதத்தின் இன்றியமையாத பகுதி இல்லையாம். அதனால் சடங்கில் வட்டம் போடும் கத்தி வீட்டோடு இருக்கட்டும். ஆயுத விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான அலகைத்தான் ஆயுதமாகப் பார்க்கின்றன. என்னுடையது ஈவ்னிங் பஜாரில் வாங்கிய ஐந்து அங்குலக் காய்கறிக் கத்தி, மற்ற நாளில் அது வெண்டைக்காய் நறுக்கும்.

மேளம் அடிப்பவர்களுக்கு இன்னொரு நம்மூர் வழக்கு. மாதவரம் பக்கம் கே.கே.ஆர். நகரில் ஒரு சபையின் ஒலிபெருக்கி, டிரம்ஸ் சத்தம் பற்றி 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. சாதாரண பேச்சே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிடும்.

ஆந்தை இறகு, ஆமை ஓடு எல்லாம் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டும். தானாக உதிர்ந்த மயில் தோகைக்குப் பயம் இல்லை. டேரோ சீட்டில் குறி பார்த்துக் காசு வாங்குங்கள், ஆனால் நோய் தீரும் என்று விளம்பரம் போடாதீர்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தாயத்து, மந்திர வைத்திய விளம்பரங்களுக்கு ஆறு மாதம் வரை சிறை வைத்திருக்கிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் ஐந்தாறு பேர் அமைதியாக உட்கார்ந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கூட்டமாக, ஊர்வலமாக என்றால் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் ஐந்து நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை தீயும் விளக்கும் வேண்டாம், பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் அது. அக்டோபர் 31, நம் சம்ஹைன் பண்டிகை இரவுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை, வடகிழக்குப் பருவமழையே பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு தாள்களில் வாயை மூடிக்கொள்ளச் சொன்னவள், ஒரே ஒரு தாளில் திறக்கச் சொல்கிறேன். அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அங்கே நீங்கள் சொல்கிற மதத்தின் பெயரைத்தான் கணக்கெடுப்பவர் எழுத வேண்டும். நீங்கள் சொன்னது ரகசியம், அதை வைத்துச் சான்றிதழை யாரும் ரத்து செய்ய முடியாது. 2011-இல் ஆறு பெரிய மதங்களுக்கு வெளியே பெயர் சொன்னவர்கள் சுமார் 79 லட்சம் பேர். அதில் 49 லட்சத்துக்கு மேல் ஒரே சொல்: சர்னா, கிழக்கிந்தியப் பழங்குடிகளின் மரத்தோப்பு வழிபாடு. அத்தனை பேர் ஒரே சொல்லைச் சொன்னதால்தான் 2020-இல் ஜார்க்கண்ட் சட்டமன்றம் தனிக் குறியீடு கேட்டுத் தீர்மானம் போடுகிற அளவுக்கு வந்தது. இங்கிலாந்து, வேல்ஸில் 2021-இல் பேகன் என்று எழுதியவர்கள் சுமார் 74,000 பேர், விக்கா தனியாக 13,000.

அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. போன அமாவாசைக்கு எங்கள் வீட்டில் ஏழு பேர் உட்கார்ந்து என்ன பெயர் சொல்வது என்று பேசினோம். பேகன், விக்கா, இயற்கை வழிபாடு, இயற்கை நெறி, ஒருத்தி 'அம்மன்' என்றாள். மணி பத்தாகிவிட்டது, கீழ்வீட்டு ஆன்ட்டி படியில் நின்று "சத்தம் கொஞ்சம் கம்மி பண்ணுங்கம்மா" என்றார்.