ரூபே போறீங்களா? கம்பளி போன வழியிலயே போங்க

முதல்ல பேரு. எழுதும்போது கடைசியில ஒரு எக்ஸ் நிக்கும், அதை வாயில விடாதீங்க. ரூபே, அவ்ளோதான். நான் மொத தடவ "ரூபைக்ஸ்"னு கேட்டு, கவுன்டர்ல இருந்த அம்மா முழிச்சு, அப்புறம் போன்ல எழுதிக் காட்டித்தான் டிக்கெட் வாங்கினேன். பக்கத்து ஊரு க்ருவா, அதுலயும் கடைசியில அதே எக்ஸ் உண்டு, அதுவும் ஊமைதான்.

பிரான்சோட வடக்கு ஓரத்துல, பெல்ஜியம் பார்டரை ஒட்டி, லீல் நகரத்துக்குப் பக்கத்துல இருக்கிற பழைய மில்லு ஊரு இது. 1800 வாக்குல பத்தாயிரம் பேர்கூட இல்லாத இடம், நூறு வருஷத்துல 1,20,000 பேரைத் தாண்டிடுச்சு, எல்லாம் கம்பளியும் பருத்தியும் பண்ணின வேலை. ஆயிரம் புகைபோக்கி ஊருன்னே பட்டப்பேரு. 1970களுக்கு அப்புறம் மில்லுங்க ஒண்ணொண்ணா சாத்திக்கிட்டு வந்தாங்க, இங்கிலாந்து ராணி எலிசபெத் 1957ல நேர்ல வந்து சுத்திப் பார்த்த லா லேனியேர் மில்லும் 2000ல மூடியாச்சு. இன்னிக்கு பிரான்ஸ்ல ரொம்ப ஏழ்மையான ஊருங்கள்ல இதுவும் ஒண்ணு. இதை ஏன் மொதல்லயே சொல்றேன்னா, போஸ்ட்கார்டு பிரான்ஸை எதிர்பார்த்துப் போனா ஸ்டேஷன் வாசல்லயே மூஞ்சி தொங்கிடும். சாத்தின ஷட்டர், பாதி இடிஞ்ச செங்கல் சுவர், அதுக்கு நடுவுல திடீர்னு வாயைப் பிளக்க வைக்கிற கட்டடம், இப்படித்தான் ஊரே இருக்கும்.

எப்படிப் போறது? பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷன்ல இருந்து டிஜிவிங்கிற வேக ட்ரெயின்ல லீல், சுமார் ஒரு மணி நேரம். டிக்கெட்டை முன்னாடியே போட்டுடுங்க, கடைசி நேரத்துல விலை ஏறிக்கிட்டே போகும். கார் து நோர் பக்கத்துலதான் நம்மாளுங்க கடைத்தெரு லா ஷப்பெல், காலையில அங்க ஒரு நடை போய் இட்லியோ இடியாப்பமோ பார்சல் கட்டிக்கிட்டு ட்ரெயின் ஏறுங்க, குறிப்பா சைவம்னா இதை மறக்காதீங்க, ஏன்னு கீழ சாப்பாட்டுல சொல்றேன். லீல்ல ரெண்டு ஸ்டேஷன், ஃப்ளாந்தர் ஒண்ணு, யூரோப் ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல சில நிமிஷ நடைதான், எதுல இறங்கினாலும் பரவால்ல. அங்கிருந்து மெட்ரோ ரெண்டாவது லைன் புடிச்சா அரை மணிக்குள்ள ரூபே. ட்ரைவர் இல்லாத குட்டி மெட்ரோ, லீல்ல 1983லயே இதை ஓட விட்டுட்டாங்க, கூட பசங்க இருந்தா முன் கண்ணாடிகிட்ட நிப்பாட்டிடுங்க. ட்ராமும் இருக்கு, 1909ல இருந்து ஓடுது, கொஞ்சம் மெதுவா போகும். என் கணக்கு: போகும்போது மெட்ரோ, வரும்போது ட்ராம். ஒருநாள் பாஸ் எடுத்துட்டா ரெண்டுலயும் ஏறி இறங்கலாம்.

எந்த நாள்ல போறதுங்கிறதுலதான் நான் ஏமாந்தேன். திங்கக்கிழமை லீவு போட்டுட்டுப் போனேன், மியூசியம் எல்லாம் மூடிக் கிடந்துச்சு, மழையில நடந்து நடந்து செங்கல் சுவரைப் பார்த்துட்டு வந்தேன். திங்கள் வேண்டவே வேண்டாம். சனி ஞாயிறுல லா பிசின் மியூசியம் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் திறக்கும், வார நாள்னா பதினோரு மணிக்கே திறந்துடும். அதனால செவ்வாய்ல இருந்து வெள்ளிக்குள்ள ஒரு நாள் பார்த்துக்கோங்க. செப்டம்பர் மூணாவது வார இறுதி பாரம்பரிய நாட்கள்னு நாடு முழுக்க நடக்கும், அப்போ வழக்கமா உள்ள விடாத கட்டடங்க சிலது திறந்திருக்கும், ஆனா கூட்டமும் இருக்கும்.

இப்ப எந்த வரிசையில பார்க்கணும். பெரும்பாலானவங்க ஸ்டேஷன்ல இறங்கி நேரா லா பிசின் போய், போட்டோ எடுத்து, திரும்ப லீல் போயிடுவாங்க. அது பாதி ஊருகூட இல்ல. கம்பளி எந்த வழியா போச்சோ அந்த வழியா போங்க: எடை போட்ட இடம், நெசவு பண்ணின இடம், நெசவு பண்ணினவங்க குளிச்ச இடம், கடைசியா அந்தக் காசு போய்ச் சேர்ந்த வீடு.

ஆரம்பம் கிராந்த் பிளாஸ், ஊர் நடு மைதானம். முனிசிபாலிட்டி கட்டடம் 1911ல கட்டினது, பாரிஸ்ல ஓர்சே ஸ்டேஷனைக் கட்டின விக்டர் லாலூதான் இதையும் கட்டினாரு. மேல நிமிர்ந்து பாருங்க, சுவத்துல நீளமா ஒரு சிற்ப வரிசை ஓடும்: பஞ்சு பறிக்கிறாங்க, ஆட்டு முடி கத்தரிக்கிறாங்க, கம்பளி கழுவுறாங்க, நூல் நூக்கிறாங்க, நெய்யிறாங்க, சாயம் தோய்க்கிறாங்க. சாமி சிலை வைக்கிற இடத்துல தொழிலை வச்சிருக்காங்க. இதை நல்லா மனசுல வாங்கிக்கிட்டா அப்புறம் பார்க்கிறது எல்லாம் அதோட விளக்கம் மாதிரி இருக்கும்.

அங்கிருந்து நடந்தே கோந்திசியோன் புப்ளிக். 1902ல கட்டினது. இது என்ன இடம்னு புரிஞ்சுக்காம போனா வெறும் பெரிய குடோன்தான், அதனால கொஞ்சம் சொல்லிடுறேன். கம்பளி காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், தன் எடையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வரைக்கும் தண்ணியை இழுத்து வச்சுக்கும், தொட்டுப் பார்த்தா ஈரம்னே தெரியாது. அப்போ எடை போட்டு விக்கிறவன் தண்ணியையும் சேர்த்து வித்துடலாம் இல்லையா? அந்தச் சண்டைக்குத்தான் இந்த இடம். மூட்டையில இருந்து கொஞ்சம் எடுத்து அடுப்புல வச்சு உலர்த்தி, எவ்வளவு ஈரம் போச்சுன்னு பார்த்து, இதுதான் உண்மையான எடைன்னு சான்றிதழ் குடுப்பாங்க. விக்கிறவன் வாங்குறவன் ரெண்டு பேரும் அதை ஒத்துக்கணும். ஊரோட நியாயத் தராசுன்னு வச்சுக்கோங்களேன். 1972ல மூடிட்டு 2004ல கலைக்கூடமா திறந்தாங்க, அந்த வருஷம் லீல் ஐரோப்பாவோட கலாச்சாரத் தலைநகரா இருந்துச்சு. உள்ளுக்குள்ள கல் பாவின ஒரு தெருவே ஓடும், வண்டி மூட்டையோட நேரா உள்ள வந்த வழி அது. கண்காட்சி இல்லாத நாள்ல கொஞ்சம் வெறிச்சுன்னு இருக்கும், முன்னாடியே என்ன நடக்குதுன்னு பார்த்துட்டுப் போங்க.

அடுத்து லா மனுஃபக்தூர், பழைய நெசவு ஃபேக்டரியே மியூசியம் ஆயிருக்கு. மையத்துல இருந்து கொஞ்சம் தள்ளி, பஸ்ல போறது உத்தமம். இங்க வெறுமனே சுத்திப் பார்க்காதீங்க, தறியை ஓட்டிக் காட்டுற நேரம் எதுன்னு கேட்டு அதுக்குப் போங்க. கைத்தறியில ஆரம்பிச்சு கம்ப்யூட்டர் தறி வரைக்கும் வரிசையா நிக்குது. ஒரே ஒரு பவர்லூம் ஓடினாலே பக்கத்துல இருக்கிறவங்க பேசுறது கேக்காது, இதே மாதிரி நூத்துக்கணக்குல ஒரு ஹால்ல ஓடினா காது என்ன ஆயிருக்கும்னு அப்பதான் உறைக்கும். பாவு ஊடைன்னு கேட்டு வளர்ந்தவங்களுக்கு பிரெஞ்ச் தெரியலைன்னாலும் பிரச்சினை இல்ல, கை பண்ற வேலை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். ஜக்கார்டு தறியில தொங்குற ஓட்டை போட்ட அட்டைங்களை கவனிங்க, ஓட்டை இருந்தா ஊசி உள்ள போகும் இல்லைன்னா போகாது, கம்ப்யூட்டருக்குத் தாத்தா. அதே ஊர்லதான் இப்ப இணைய சர்வர் வாடகைக்கு விடுற ஓவிஎச் கம்பெனியோட தலைமை அலுவலகமும் டேட்டா சென்டரும் இருக்கு, இதை யோசிச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

போற வழியில ஒண்ணு கவனிங்க. ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு ஆள் போற அளவு சந்து இருக்கும், உள்ள எட்டிப் பார்த்தா ரெண்டு பக்கமும் குட்டி குட்டி வீடா வரிசை. அதுக்கு கூரேன்னு பேரு, தொழிலாளி லைன் வீடு. தெருவைப் பார்த்த வீடு கொஞ்சம் வசதியானவனுக்கு, பின்னாடி முற்றத்துல இருக்கிறது மில்லு ஆளுக்கு, எல்லாருக்கும் சேர்த்து ஒரு தண்ணிக் குழாய், பொதுக் கக்கூஸ். பெரும்பாலானதை இடிச்சுட்டாங்க, மிச்சம் இருக்கிறதுல இன்னிக்கும் ஜனங்க குடியிருக்காங்க, அதனால கேமராவைத் தூக்கிட்டு உள்ள நுழையாதீங்க, அடுத்தவங்க வாசல் அது. 1870கள்ல இந்த ஊர்ல பாதிக்கு மேல பெல்ஜியக்காரங்க, அப்புறம் போலந்து, இத்தாலி, போர்ச்சுகல், அல்ஜீரியா, மொராக்கோன்னு வேலை தேடி வந்தவங்களாலயே நிறைஞ்ச ஊரு. நம்ம மூஞ்சியோட நடந்தா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, அது ஒரு நிம்மதி.

இப்ப லா பிசின். கூரேயைப் பார்த்துட்டு இங்க வரணும், அப்பதான் இது என்னன்னு புரியும். வீட்ல குளிக்க இடமே இல்லாத ஆளுங்களுக்காக சோஷலிஸ்ட் மேயர் ழான் லெபா கட்ட வச்ச நீச்சல் குளமும் குளியலறைகளும், ஆர்க்கிடெக்ட் ஆல்பெர் பேர் (Baert), 1927ல ஆரம்பிச்சு 1932ல முடிஞ்சுது. ஒரு பக்கம் உதிக்கிற சூரியன், எதிர்ப்பக்கம் அஸ்தமிக்கிற சூரியன்னு பிரமாண்டமான வண்ணக் கண்ணாடி. மில்லு ஆளு குளிக்கிற இடத்துக்கு மடாலம் மாதிரி நடுவுல தோட்டம் வச்சுக் கட்டியிருக்காரு மனுஷன். அந்த மேயரை நாஜிங்க 1941ல புடிச்சுட்டுப் போய், 1944ல சிறையிலயே செத்தாரு. ஸ்டேஷனுக்கும் அங்கிருந்து ஊருக்குள்ள வர்ற ரோட்டுக்கும் அவர் பேருதான். கூரை பலவீனமாகி 1985ல குளத்தை மூடினாங்க, 2001ல மியூசியமா திறந்தாங்க. தண்ணியை முழுசா வத்த விடல, நடுவுல நீளமா ஒரு பட்டை விட்டு ரெண்டு பக்கமும் சிலை வச்சிருக்காங்க, பழைய ஷவர் அறைங்கள்ல பீங்கானும் பொருளுமா இருக்கு. அப்பப்போ ஸ்பீக்கர்ல பசங்க குளிச்சுக் கூத்தடிக்கிற சத்தம் கேக்கும், மொத தடவ தூக்கிவாரிப் போடும். வெயில் இருக்கிற நாள்ல போனா கண்ணாடியோட மஞ்சள் தண்ணியில விழும். துணி சாம்பிள்கள் இருக்கிற பகுதியை விட்டுடாதீங்க, கமீல் க்ளோதெல் செதுக்கின சின்னப் பொண்ணு தலையையும். ரெண்டு மணி நேரமாவது ஒதுக்குங்க.

சாப்பாடு. ஃப்ளாண்டர்ஸ் பக்கத்து சமையல்னா மாட்டுக்கறியை பீர்ல வேகவச்ச கார்போனாத், மூணு நாலு கறியை ஜெல்லியில உறைய வச்ச போட்ஜ்வ்லேஷ். சைவத்துக்கு ஃப்ரைஸ்தான், அதுவும் பல கடையில மாட்டுக் கொழுப்புல பொரிப்பாங்க, கேட்டுட்டு வாங்குங்க. லா ஷப்பெல் பார்சல் எதுக்குன்னு இப்ப புரிஞ்சிருக்கும். ஹலால் கடையும் கூஸ்கூஸும் ஊர்ல தாராளமா கிடைக்கும்.

கடைசியா க்ருவால வில்லா கவ்ருவா. ட்ராம்ல அதே பேர்ல ஸ்டாப் இருக்கு, இறங்கிக் கொஞ்சம் நடக்கணும். துணி மில்லு முதலாளி போல் கவ்ருவாவுக்காக ஆர்க்கிடெக்ட் மாலே ஸ்டீவன்ஸ் கட்டின வீடு, 1929ல இருந்து 1932 வரைக்கும். வருஷத்தைக் கவனிச்சீங்களா, மில்லு ஆளுக்கு குளிக்க குளம் கட்டி முடிச்ச அதே 1932. இங்க முதலாளி வீட்லயே தனி நீச்சல் குளம், பளிங்கு பாத்ரூம்ல சுவத்தோட பதிச்ச எடை மெஷின், ரூமுக்கு ரூம் கடிகாரம், ஸ்பீக்கர், லிஃப்ட். மஞ்சள் செங்கல் வீடு, சிவப்புச் செங்கலையே பார்த்துட்டு வந்த கண்ணுக்கு வேற கிரகம். நடுவுல பாழடைஞ்சு, திருட்டுப் போய், 2001ல அரசாங்கம் வாங்கி, 2015ல திறந்தாங்க. ஒரு ரூமை மட்டும் சரி பண்ணாம பாழடைஞ்ச கோலத்துலயே விட்டிருக்காங்க, அதுல கொஞ்ச நேரம் நில்லுங்க.

சைக்கிள் பைத்தியம் யாராவது இருந்தா வெலோட்ரோமையும், அதாவது சைக்கிள் ரேஸ் மைதானத்தையும் சேர்த்துக்கோங்க. பாரிஸ் ரூபே சைக்கிள் ரேஸ் 1896ல இருந்து நடக்குது, ஆரம்பிச்சு வச்சதும் ரெண்டு நூல் மில்லு முதலாளிங்கதான். அங்க பழைய ஷவர் அறையில ஒவ்வொரு தடுப்புலயும் ஜெயிச்சவங்க பேர் பலகை இருக்கும். ரேஸ் வழக்கமா ஏப்ரல்ல, அந்த வார இறுதியில லீல்ல ரூம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு, ரேஸ் பார்க்கிற எண்ணம் இல்லைன்னா அந்த ஞாயித்துக்கிழமையைத் தவிர்த்துடுங்க. குடை எந்த மாசம்னாலும் எடுத்துக்கோங்க. ராத்திரி ஆனா ஸ்டேஷன் பக்கம் சில தெரு ஆள் நடமாட்டமே இல்லாம போயிடும், பகல்ல எனக்கு ஒண்ணும் தோணல, இருட்டினப்புறம் போனை கையில புடிச்சுக்கிட்டு அலையாதீங்க. வில்லாவை கடைசியா வச்சதுக்கு இன்னொரு காரணமும் அதுதான், அங்கிருந்து ட்ராம் ஏறினா திரும்ப ரூபே போக வேண்டியதில்ல, நேரா லீல் ஃப்ளாந்தர்ல இறக்கி விட்டுடும்.