7.5 மைக்ரானுக்குள் ஒரு பிக்சல்: எந்த இடத்தில் சிக்கனம் ஆகாது?

கைப்பேசித் திரையில் அங்குலத்துக்கு 500 பிக்சல் என்றால், ஒவ்வொன்றுக்கும் 50 மைக்ரான் அகலம் கிடைக்கும். தலையில் மாட்டிக்கொள்ளும் ஆப்பிள் விஷன் புரோவில், சிலிக்கான் சில்லின் மேல் கட்டப்படும் மைக்ரோ ஓஎல்இடி திரையிலோ ஒரு பிக்சல் 7.5 மைக்ரானுக்குள் அடங்கியாக வேண்டும். சிவப்பு, பச்சை, நீலத்துக்கு அதைச் சமமாகப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 19 சதுர மைக்ரான். டிரான்சிஸ்டர்கள், மின்தேக்கி, கம்பித் தடங்கள் எல்லாம் அதற்குள்தான்.

இந்த நெருக்கடியில் பலரும் முதலில் கைவைப்பது டிரைவ் டிரான்சிஸ்டரில்தான். ஒளி உமிழும் ஓஎல்இடிக்கு எவ்வளவு மின்னோட்டம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அது. தேவையோ நானோஆம்பியர் கணக்கில்தான் இருக்கிறது, பிறகு சின்னதாகவே வைத்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். அடுத்தடுத்து ஒரே மாதிரி செய்த இரண்டு டிரான்சிஸ்டர்களின் திரெஷோல்ட் மின்னழுத்தம் (டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்கும் அளவு) ஒருபோதும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. அந்த வேறுபாடு கேட்டின் (டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையின்) பரப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பதை மார்செல் பெல்குரோமும் சக ஆய்வாளர்களும் 1989-இல் காட்டினார்கள். பரப்பைக் கால்பங்காக்கினால் வேறுபாடு இரட்டிப்பாகும். மங்கலான சாம்பல் நிறங்களில் டிரான்சிஸ்டர் திரெஷோல்டுக்குக் கீழேதான் ஓடுகிறது. அந்த நிலையில் 1 மில்லிவோல்ட் பிசகினாலே மின்னோட்டம் ஏறக்குறைய 3 சதவீதம் மாறிவிடும். 5 மில்லிவோல்ட் என்றால் கேட்கவே வேண்டாம், இருட்டான காட்சியில் மணல் தூவியது போலத் தெரியும்.

சேனலை, அதாவது டிரான்சிஸ்டருக்குள் மின்னோட்டம் ஓடும் பாதையை, நீளமாக்குவதுதான் நல்ல வழி. பரப்பு கூடுகிறது. அதோடு, அதே மின்னோட்டத்துக்கு அதிக கேட் மின்னழுத்தம் தேவைப்படுவதால், ஒவ்வொரு சாம்பல் படிக்கும் இடையில் தாராளமான இடைவெளியும் கிடைக்கிறது. பிக்சலில் இடம் மிச்சமானால் அதை முதலில் இந்த டிரான்சிஸ்டருக்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, கேட்டின் மின்னழுத்தத்தை அடுத்த ஃபிரேம் வரை பிடித்து வைக்கும் மின்தேக்கி. 10 ஃபெம்டோஃபாரட் மின்தேக்கியிலிருந்து 100 ஃபெம்டோஆம்பியர் கசிந்தால், 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் முடிவதற்குள் 167 மில்லிவோல்ட் போய்விடும். கசிவை ஓரளவு கட்டுப்படுத்திவிடலாம். ஆனால் அதில் மின்னழுத்தத்தை எழுதும் ஸ்விட்ச் டிரான்சிஸ்டர் அணையும்போது விழும் மின்னழுத்த உதையை மறந்துவிடுகிறார்கள். ஸ்விட்சின் ஒட்டுண்ணி மின்தேக்கம் (நாம் வேண்டாமலே அமைந்துவிடும் மின்தேக்கம்) வெறும் 0.2 ஃபெம்டோஃபாரட், கேட் 5 வோல்ட் தாவுகிறது என்று வையுங்கள். 10 ஃபெம்டோஃபாரட் மின்தேக்கியில் கிட்டத்தட்ட 0.1 வோல்ட் நகர்ந்துவிடும். எல்லாப் பிக்சலிலும் ஒரே அளவு நகர்ந்தால் பிக்சலுக்கு அனுப்பும் டேட்டா மின்னழுத்தத்தை மாற்றி ஈடுகட்டலாம். பிக்சலுக்குப் பிக்சல் மாறும் பகுதிக்கு அப்படிச் செய்ய முடியாது. மின்தேக்கியைப் பாதியாக்கினால் அந்தப் பகுதியும் இரட்டிக்கும். அதனால் மின்தேக்கியை டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் வைக்காமல், மேலே உள்ள உலோக அடுக்குகளுக்கு ஏற்றிவிட வேண்டும். அப்புறம், பக்கத்து டேட்டா தடம் அதை உரசிக்கொண்டு போகாதபடி, இடையில் நிலையான மின்னழுத்தத் தடம் ஒன்றை விடுங்கள்.

கைப்பேசியில் பழகிய 7 டிரான்சிஸ்டர், 1 மின்தேக்கி சுற்றை அப்படியே சுருக்கிக் கொண்டுவருவதும் பிசகுதான். கைப்பேசித் திரையின் டிரான்சிஸ்டர்கள் செய்யப்படும் பாலிசிலிக்கானில் படிகத்துக்குப் படிகம் எல்லைகள் உண்டு. அவற்றால் வரும் திரெஷோல்ட் வேறுபாட்டைச் சமாளிக்கப் பிறந்த சுற்று அது. சில்லில் இருப்பதோ ஒற்றைப் படிகம். நேரமும் போதாது. 90 ஹெர்ட்ஸ், 3000 வரிசை என்றால் ஒரு வரிசைக்கு 3.7 மைக்ரோவினாடிதான் கிடைக்கும். 1 நானோஆம்பியர் மின்னோட்டம் 10 ஃபெம்டோஃபாரடை நகர்த்தும் வேகமோ மைக்ரோவினாடிக்கு 0.1 வோல்ட். சரிக்கட்டல் பாதியில் நின்றுவிடும், இடம் மட்டும் வீணாகும்.

ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கிறேன் என்று ஓஎல்இடியின் ஆனோடை (நேர்மின் முனையை) ரீசெட் செய்யும் டிரான்சிஸ்டரை எடுத்துவிடாதீர்கள். ஓஎல்இடியே ஒரு மின்தேக்கி. முந்தைய ஃபிரேமின் மின்னூட்டம் அதில் தங்கினால் கருப்பு கருப்பாக இருக்காது. கண்ணுக்கு அருகில் மாட்டிக்கொள்ளும் திரையில் பார்ப்பவரைச் சுற்றி வேறு வெளிச்சமே இல்லை, அதனால் இந்தக் குறை உடனே தெரிந்துவிடும்.

என்-மாஸ், பி-மாஸ் என்ற இரண்டு வகை டிரான்சிஸ்டர்களையும் ஒரே பிக்சலில் கலக்கும் ஆசையும் வேண்டாம். ஒவ்வொரு வகையும் உட்காரும் சிலிக்கான் பகுதியான வெல்லின் எல்லைகளுக்கு விட வேண்டிய இடைவெளியே பாதி நிலத்தைத் தின்றுவிடும். முழுவதும் பி-மாஸ், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே வெல் என்று போவது சுலபம்.

பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி வைத்துக் உலோகத் தடத்தோடு இணைக்கும் கான்டாக்டுகளைப் பகிர்வது நல்ல உத்திதான், நானும் ஆதரிப்பேன். ஆனால் தயாரிப்பில் வடிவத்தைப் பதிக்கும் மாஸ்க் ஒரு பக்கம் நகர்ந்தால் இடப்பிக்சலின் ஒட்டுண்ணி மின்தேக்கம் கூடும், வலப்பிக்சலில் குறையும். தாறுமாறான புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளும் கண், ஒழுங்கான செங்குத்துக் கோடுகளை உடனே பிடித்துவிடும். இதனால் லேஅவுட்டிலிருந்து எடுத்த ஒட்டுண்ணி மதிப்புகளோடு, மாஸ்கை இரு பக்கமும் நகர்த்தியும் சிமுலேஷன் ஓட்டுங்கள். முழு வெள்ளையில் மட்டும் ஓட்டினால் போதாது. 255-இல் 32-ஆம் சாம்பல் படியில், காமா (சாம்பல் படியை ஒளியாக மாற்றும் அடுக்கு) 2.2 என்றால், மின்னோட்டம் உச்சத்தின் நூறில் ஒரு பங்குதான். வேறுபாடுகளைத் தாறுமாறாக மாற்றிப் பலமுறை ஓட்டும் மான்டி கார்லோ சிமுலேஷனை அந்தப் படியில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பரப்பை இறுதி செய்ய வேண்டும்.