பழைய டோப்போ ஷீட்டில் கம்பம் பள்ளத்தாக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோப்போ ஷீட் என்பது மலை, ஆறு, ஊர், பாதை எல்லாம் காட்டும் நிலப்பட வரைபடத் தாள். சர்வே ஆஃப் இந்தியாவின் ஓரங்குலப் படங்களில் (ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்) கம்பம் ஊர் 58 ஜி/6 என்ற தாளில் வரும். தாள் கைக்கு வந்ததும் யாரும் சொந்த ஊரைத்தான் முதலில் தேடுவோம். அதற்கு முன் ஓரத்தில் இருப்பதைப் படித்துவிடுங்கள். அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் அங்கே தனித்தனியாக இருக்கும். பழைய அளவையையே பல வருடம் கழித்து மறுஅச்சுப் போட்டிருப்பார்கள். அச்சு ஆண்டை மட்டும் பார்த்து, "அப்போது இங்கே குளமே கிடையாது" என்று சொல்லிவிடக் கூடாது.

பெரியாற்றுத் தண்ணீர் 1895-இல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து வளப்படுத்திய பூமி இது. அதனால் நீரின் நிறத்தை நிதானமாகப் பாருங்கள். வற்றாத நீருக்கு நீலம். மழைக்கு மட்டும் ஓடும் ஓடைக்குக் கறுப்பு. அதைப் பாதை என்று எண்ணி ஏமாறுபவர்கள் நிறைய.

உயரங்கள் பழைய தாள்களில் அடிக் கணக்கில் இருக்கும், மீட்டரில் அல்ல. ஓடைக்கரையிலோ கண்மாய்க் கரையிலோ ஓர் எண்ணும் பக்கத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், அது கடல்மட்ட உயரமே அல்ல. அந்தக் கரை பக்கத்துத் தரையிலிருந்து எவ்வளவு உயரம் அல்லது ஆழம் என்பதுதான்.

எனக்கு மனம் பொறுக்காதது ஒன்று உண்டு. வரப்புத் தகராறுக்கு இந்தத் தாளை எடுத்துவருகிறார்கள். இதில் ஓர் அங்குலம் என்பது தரையில் ஒரு மைல். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு நிலத்தில் 30 மீட்டருக்கு மேல் அடைத்துக்கொள்ளும். அண்ணன் தம்பி நிலத்தை இதை வைத்து எப்படிப் பிரிப்பது? அதற்கு வருவாய்த் துறையின் எஃப்.எம்.பி. (ஒவ்வொரு புலத்தின் அளவுகளும் உள்ள புலப்பட வரைபடம்) இருக்கிறது, சர்வேயரைக் கூப்பிடுங்கள். ஜெராக்ஸில் பெரிதாக்கினாலும் துல்லியம் அதிகமாகாது. "அங்குலத்துக்கு ஒரு மைல்" என்ற கணக்கும் அந்தப் பிரதியில் செல்லாது. கூடவே பெரிதான அளவுகோல் பட்டை மட்டுமே சரியாக இருக்கும்.

ஸ்கேன் செய்து செல்போன் வரைபடத்தின் மேல் வைத்தால், கோயிலே நூறு மீட்டருக்கு மேல் தள்ளித் தெரியலாம். கோயில் இடம் மாறவில்லை. பழைய தாள் எவரெஸ்ட் கோளம் என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கைக் கொண்டு வரைந்தது, போனின் ஜிபிஎஸ் வேறொரு கணக்கைக் கொண்டது. மலை உச்சியில் புள்ளி வைத்த முக்கோணக் குறி, பழைய கோயில், பாலம் என்று நகராத இடங்கள் மூன்று நான்கைப் பொருத்திவிட்டு மற்றதைத் தேடுங்கள்.