செட்டிநாட்டில் பச்சைப் பட்டாணி: விதை போடும் நாளிலேயே தொடங்கும் தவறுகள்

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற சொல் அவரைக்கும் சரி, புடலைக்கும் சரி, பீர்க்கனுக்கும் சரி, நம் பக்கத்தில் பொய்த்ததில்லை. பட்டாணிக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். நானும் முதல் வருடம் காரைக்குடி வீட்டுப் பின்கட்டில் மற்ற விதைகளோடு சேர்த்து ஆடியிலேயே பட்டாணியைப் போட்டேன். நன்றாக முளைத்தது, ஒரு சாண் உயரம் வந்தது. ஆவணி வெயிலில் அடியிலை மஞ்சளாகி, அந்த மஞ்சள் மேலே ஏறி, ஒரு பூவைக்கூடக் காட்டாமல் செடி காய்ந்தது.

பட்டாணி குளிரில் வளரும் பயிர். 13 முதல் 18 டிகிரி வரைதான் அதற்குப் பிடித்த சூடு. அதனால்தான் தமிழ்நாட்டில் ஊட்டி, கொடைக்கானல் என்று மலையில் விளைகிறது. பகல் வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். தப்பிப் பிடித்த காயிலும் மணி நிறையாது. அவ்வளவு குளிர் செட்டிநாட்டில் எந்த மாதத்திலும் கிடையாது. ஆனாலும் மார்கழியிலும் தையிலும் இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது, பகலும் 30க்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. நமக்குக் கிடைப்பது அந்த இரண்டு மாதம்தான். பூப்பதும் காய்ப்பதும் அதற்குள் முடிய வேண்டும். அதற்குக் கார்த்திகை முதல் பாதியில், அதாவது நவம்பர் பின்பாதியில் விதைத்துவிட வேண்டும். மழை முழுக்க விடட்டும் என்று காத்திருந்து பொங்கல் கழித்து விதைப்பவர்கள் பலர். அந்தச் செடி மாசிக் கடைசியில் பூக்கும். அப்போது வெயில் ஏறியிருக்கும்.

காலம் இவ்வளவு குறுகலாக இருப்பதால் ரகத்திலும் கவனம் வேண்டும். ஆர்கெல் என்ற குட்டை ரகம் 55, 60 நாளில் முதல் பறிப்புக்கு வந்துவிடும். போனவில் என்ற ரகம் அதைவிடப் பிந்தும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெப்பம் தாங்கும் பட்டாணி ரகங்களையும் வெளியிட்டிருக்கிறது. அர்கா சைத்ரா அவற்றில் ஒன்று. கிடைத்தால் நம் ஊருக்கு அதுவே முதல் தேர்வு.

மளிகைக் கடையில் சுண்டலுக்கு வாங்கும் வெள்ளைப் பட்டாணியை விதைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அது முளைக்கும், கொடியும் ஓடும். ஆனால் அது காயவைத்துச் சேமிப்பதற்கான உருண்டைப் பட்டாணி. பச்சையாக உரித்துச் சாப்பிடும் இனிப்புப் பட்டாணியின் விதை காய்ந்ததும் சுருங்கிக் கிடக்கும். அதில் மாவுச்சத்து குறைவு, சர்க்கரை அதிகம் என்பதால்தான் அந்தச் சுருக்கம். எனவே பாக்கெட்டில் விதை சுருங்கியிருந்தால் கெட்டுப்போனது என்று ஒதுக்க வேண்டாம். இன்னொன்று: ஸ்வீட் பீ என்ற பெயரில் விற்பது வாசனைப் பூச்செடி. அதன் விதை நஞ்சு. சமையலுக்கென்று தெரியாமல் வாங்கிவிடாதீர்கள்.

அந்தச் சுருங்கிய விதைக்கு ஒரு பலவீனமும் உண்டு: ஈரம் தேங்கினால் சீக்கிரம் அழுகும். நாம் விதைப்பதோ வடகிழக்கு மழைக்காலத்தில். தட்டைப்பாத்தியில் போட்டுவிட்டு மறுநாள் அடைமழை பிடித்தால் பாதி விதைகூட மேலே வராது. மண்ணை அரை அடி உயர்த்தி மேட்டுப்பாத்தி கட்டி, 2, 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் போதும். விதைக்கு விதை நாலு விரல் இடம். இரவு முழுக்க ஊறப்போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மழை ஈரம் இருக்கும் மண்ணுக்கு ஊறல் தேவையே இல்லை. குழித்தட்டில் நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதும் வேண்டாம். வேர் அசைந்தால் பட்டாணி தேற நாளாகும், நமக்கோ நாள் இல்லை.

அதிகம் பேர் கவனிக்காத தவறு மண்ணுக்குள் நடக்கிறது. பயறுவகைச் செடி காற்றில் உள்ள தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் என்று படித்திருப்போம். பிடிப்பது செடி அல்ல, வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர். அதிலும் ஒவ்வொரு வகைப் பயறுக்கும் ஒவ்வொரு கூட்டம். கடலைக்கும் தட்டைப்பயற்றுக்கும் ஒத்துப்போகிற ரைசோபியம் பட்டாணி வேரில் முடிச்சுப் போடாது. நம் செம்மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் கடலையும் தட்டையும் விளைந்திருக்கின்றன, பட்டாணி விளைந்ததில்லை. அதனால் பட்டாணிக்கு உரியதைக் கேட்டு வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் தடவி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். இதைச் செய்த வருடம் என் செடிகளின் நிறமே வேறாக இருந்தது. பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மெதுவாகத் தோண்டி எடுத்து, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.

செடி சோர்வாகத் தெரிகிறதே என்று யூரியாவோ பச்சைச் சாணமோ போடுவது இதோடு சேர்ந்த தவறு. தழைச்சத்து கையில் கிடைத்தால் செடி முடிச்சு வளர்ப்பதை விட்டுவிடும். இலை தளதளவென்று இருக்கும், பூ இருக்காது. விதைக்கும் முன் நன்றாக மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் சாம்பலும் போதும்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளின் உயர்ந்த சுண்ணாம்புச் சுவர் உள்ளே குளிர்ச்சி தரும். ஆனால் மேற்குப் பார்த்த சுவர் மதியத்துக்கு மேல் வெயிலை வாங்கிச் செடி மேலேயே திருப்பி அடிக்கும். அந்தச் சுவரோரம் பட்டாணி வேண்டாம். காலை வெயில் விழுந்து, மூன்று மணிக்கு மேல் நிழல் வருகிற கிழக்குப் பக்கம்தான் சரி. மொட்டை மாடியில் பையில் வளர்த்தால் பையைத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்காகப் போட்டால் வேர் சூடாகாது.

குட்டை ரகத்துக்கும் பிடிமானம் வேண்டும். கனத்த மூங்கிலைப் பட்டாணியின் பற்றுக்கம்பியால் சுற்ற முடியாது. மெல்லிய சவுக்கு மிலாறோ வேப்பங்குச்சியோ முளைத்த வாரத்திலேயே ஊன்றிவிடலாம். ஊன்றும்போதே மேலே ஒரு வலையையும் கட்டிவிடுங்கள். நம் பக்கம் மயில் நடமாட்டம் அதிகம்; ஒரு காலையில் வந்து வரிசை முழுக்கக் கொத்திவிட்டுப் போய்விடும்.

பூ உதிர்ந்தால் தேனீ வரவில்லை என்று நினைத்துப் பூசணிக்குச் செய்வதுபோல் தூரிகையால் மகரந்தம் தடவுகிறார்கள். பட்டாணிக்கு அது தேவையில்லை. பூ விரிவதற்கு முன்பே உள்ளுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு, இல்லையென்றால் தண்ணீர்ப் பஞ்சம். மழை நின்ற பிறகு மார்கழிக் காற்றில் மேல்மண் சீக்கிரம் உலர்ந்துவிடும். பூ கண்டதிலிருந்து காய் நிறையும்வரை அது காயவே கூடாது. உங்கள் கிணற்று நீர் உப்பாக இருந்தால் பட்டாணி தாங்காது. நம் முன்னோர் முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைநீர் இதற்கு அருமையானது. ஐப்பசியிலேயே டிரம்மில் பிடித்து வையுங்கள்.

பனி விழத் தொடங்கியதும் இலையில் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் வரும். நெருக்கமாக விதைத்த வரிசையில்தான் முதலில் பார்க்கலாம். அடியிலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுங்கள். நுனியில் அசுவினி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளித்தால் அடங்கும்.

அப்புறம், எத்தனை செடி என்ற கணக்கு. ஒரு செடியின் காய் முழுவதையும் உரித்தாலும் ஒரு கைப்பிடிக்கு மேல் தேறாது. இரண்டு தொட்டியில் நாலு செடி வைத்துவிட்டு ஒரு வேளைக் குருமாவுக்குக்கூடப் போதவில்லை என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டுக்கு நாற்பது செடியாவது வேண்டும்.

காய் இன்னும் பெருக்கட்டும் என்று விட்டுவைப்பது கடைசி நேரத் தவறு. தோல் பளபளப்பு மங்குவதற்குள், ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். முற்ற விட்டால் சர்க்கரை மாவாகிவிடும், செடியும் அடுத்த பூவை நிறுத்திக்கொள்ளும். ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கிள்ளுங்கள். இழுத்தால் வேரோடு வந்துவிடும். பறித்த அன்றே சமைத்தால்தான் அந்த இனிப்பு இருக்கும்.

மாசியில் செடி காய்ந்ததும் பிடுங்க வேண்டாம். தரையை ஒட்டி அறுத்து, முடிச்சுள்ள வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள். அதே பாத்தியில் தட்டைப்பயறு ஊன்றினால், நம் வெயிலுக்கு அது அஞ்சாது.