அடுத்த நகர்வை மூடி வைத்தேன்

தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆறு மாதம் சதுரங்க மேதைகளின் ஆட்டங்களை மனப்பாடம் செய்தேன். நாகர்கோவிலில் ஒரு போட்டி. நாலாவது நகர்விலேயே எதிராளி வேறு பாதையில் போனதும் கை நடுங்கியது. ஐந்து சுற்றில் அரைப் புள்ளி!

"மக்கா, இது என்ன வாய்ப்பாடா ஒப்பிக்க?" என்றார் பக்கத்து வீட்டு மாமா.

அப்புறம் ஒரே ஆட்டத்தை எடுத்தேன். 1858-இல் பாரிஸ் ஆபெரா அரங்கில், சேர்ந்து ஆடிய இரண்டு பிரபுக்களை அமெரிக்க மேதை பால் மார்ஃபி வெள்ளைக் காய்களோடு 17 நகர்வில் வென்றது. எழுதியிருக்கும் அடுத்த நகர்வை பஸ் டிக்கெட்டால் மூடி, என் ஊகத்தையும் காரணத்தையும் நோட்டில் எழுதிய பிறகுதான் திறப்பேன். எட்டாவது நகர்வில் நான் ராணியால் சிப்பாயை வெட்டினேன். மார்ஃபியோ குதிரையை வெளியே கொண்டுவந்தார். வெட்டினாலும் வெள்ளைக்கே மேல்தான். ஆனால் கறுப்பு ராணி செக் கொடுத்து ராணிகளை மாற்றிவிடும், ஆட்டம் நீண்டுபோகும். இது புரிய எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. கடைசியில் ராணியையே பலி கொடுத்து யானையால் செக்மேட். அதுவரை கறுப்பின் ராஜா பக்கத்து மந்திரியும் யானையும் அசையவே இல்லை!

இப்போது வாரம் ஒரு ஆட்டம்தான். போன போட்டியில் ஐந்துக்கு மூன்று.