கல்லூரி மாணவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை

பாரதியார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கு வால்பாறை, தாளவாடி போன்ற மலைப்பகுதிகளிலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பிவிட்டால், வாட்ஸ்அப் தகவல் அவர்களை எப்போது எட்டும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. குறுஞ்செய்திக்கு இணையம் தேவையில்லை. சிக்னல் கிடைத்தாலே போதும். அதை முதன்முறையாக அனுப்பவிருக்கும் துறை அலுவலர்களுக்கு இவ்விளக்கம் பயன்படும்.

படி 1: எண்களைச் சரிபாருங்கள். சேர்க்கைப் படிவத்தில் பலரும் தந்தையின் எண்ணையே எழுதியிருப்பர். ஆகவே ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாணவரின் சொந்த எண்ணை, அவருடைய ஒப்புதலுடன், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: பதிவு செய்யுங்கள். மொத்தமாகச் செய்தி அனுப்ப, டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2018இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, கல்லூரியின் பெயர், அனுப்புநரைக் காட்டும் ஹெட்டர், செய்தியின் டெம்ப்ளேட் (மாதிரி வாசகம்) ஆகிய மூன்றையும், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதற்கென நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். தேதி, நேரம் போன்ற மாறும் பகுதிகளைத் தவிர வேறெதையும் பின்னர் மாற்றினால் செய்தி தடுக்கப்படும். மழைக்கால விடுமுறை அறிவிப்புக்கான டெம்ப்ளேட்டை முன்கூட்டியே பதிந்து வைப்பது மிக அவசியம். மழை கொட்டும் காலையில் ஒப்புதலுக்குக் காத்திருக்க முடியாது.

படி 3: சுருக்கமாக எழுதுங்கள். இதில்தான் புதியவர்கள் தடுமாறுகின்றனர். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடங்கள் கிடைக்கும் (எழுத்து, குறி, இடைவெளி ஒவ்வொன்றும் ஓர் இடம்). தமிழில் 70 மட்டுமே. கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் ‘தேர்வு’ என்ற சொல், புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால், ஆறு இடங்களை எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்காட்டாக:

“தேர்வுக் கட்டணம்: கடைசி நாள் 14.11, மாலை 4 மணி. இடம்: துறை அலுவலகம்.”

இது 68 இடங்களில் அடங்குகிறது. கல்லூரியின் பெயரையும் சேர்த்தால் இரண்டு செய்திகளாகக் கணக்கிடப்பட்டுக் கட்டணமும் இரட்டிப்பாகும். அப்போது ஒவ்வொரு பகுதிக்கும் 67 இடங்களே கிடைக்கும். இருப்பினும் அனுப்புவது யார் என்பது தெளிவாகத் தெரிவதே முக்கியம் என்பதால், அந்தச் செலவை ஏற்பது நல்லது என்றே கருதுகிறேன்.

மதிப்பெண், கட்டண நிலுவை போன்றவற்றை இவ்வழியில் அனுப்ப வேண்டாம். வீட்டில் கைப்பேசி பலர் கையில் புழங்குவதால், அவை மாணவரைச் சங்கடப்படுத்தக்கூடும்.

படி 4: சோதித்துப் பாருங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் சிம் கொண்ட சக ஊழியர்கள் சிலருக்கும், பட்டன் போன் ஒன்றுக்கும் முதலில் அனுப்பி, தமிழ் எழுத்துகள் கட்டங்களாக உடையாமல் தெரிகின்றனவா என்று பாருங்கள். அதன்பின் பகல் வேளையில் அனைவருக்கும் அனுப்பி, சென்றடையாத எண்களின் பட்டியலை எடுத்து, அந்த மாணவர்களை மட்டும் வகுப்பு ஆசிரியர் வழியாகத் தொடர்புகொள்ளுங்கள்.